பெரிய காருக்கு அடித்த மேளம்

ஒரு தலைவி எவ்வளவு பெரிய மனுஷி என்று தெரிய வேண்டுமானால், அவருடைய உதவியாளன் எவ்வளவு பெரிய மடையன் என்று விசாரித்தால் போதும். அந்த வகையில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் (மரியாதைப் பட்டமாக, வாய்க்கு வாய் ‘ஒய்.பி.’ என்போம்) பெருமைக்கு நான் செய்த தொண்டு கொஞ்சநஞ்சமல்ல.

வீடு வாடகைக்கு விடும்போது இனம் பார்க்கக் கூடாது என்று அவர் ஒரு மசோதா தயாரித்திருந்தார். கட்சி மேலிடமோ, “உங்க தொகுதியே எதிர்க்குது. முதல்ல கிள்ளான்காரங்க கை தூக்கட்டும்” என்றுவிட்டது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் பக்கத்து ஊரான காப்பாரில் வரிசையாக வீடுகள் வைத்திருந்த ஒரு பெரியவர். (நம்ம தமிழர்தான். நம்மவருக்கே வீடு தரமாட்டார்.)

கிள்ளானில் மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டோம். ஏற்பாடு அடியேன். மேளக்காரர்களிடம், “பெரிய கார்ல வி.ஐ.பி. வருவாங்க. வந்ததும் மேளத்த ஆரம்பிங்க, மாலையப் போட்டு மேடையில உட்கார வையுங்க” என்று சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவராத கேட்டரிங்காரரோடு சண்டை போடப் பின்பக்கம் போனேன். மேளம் கேட்டதும் பெருமையோடு ஓடிவந்தேன்.

மேடையில் மாலையும் பொன்னாடையுமாக, பெரிய காரில் வந்திறங்கிய அந்தக் காப்பார் பெரியவர்! கையில் மைக் வேறு. ஒய்.பி.யோ நெரிசலில் காரை விட்டுவிட்டுத் தொண்டர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“ஒய்.பி., அவர எறக்கிடவா?”

“போட்ட மாலைய எப்படி கழட்டச் சொல்றது லா? பேசட்டும்.”

பெரியவர் மசோதாவைக் கிழிகிழி என்று கிழித்தார். வேலை போய்விடுமே என்பதைவிட, மசோதா போய்விடுமே என்றுதான் எனக்குக் கவலை. (சரி, வேலையை நினைத்தும்தான்.)

அவர் முடித்ததும் ஒய்.பி. இருந்த இடத்திலேயே எழுந்தார். “நல்லா பேசினீங்க அண்ணே. உங்க மகளுக்கு பங்சார்ல வேலைன்னு கேள்விப்பட்டேன். ரூம் ஈஸியா கெடச்சுச்சா?”

பெரியவர் மாலையைத் தடவிக்கொண்டே நின்றார். “கேட்ட எடத்துல எல்லாம், பேரச் சொன்னதும் ரூம் இல்லன்னுட்டாங்கம்மா.” பிறகு மெல்ல, “மாலையப் போட்டுக்கிட்டு பொய் சொல்ல வரல” என்றார்.

“சட்டம் வேணும்னா கை தூக்குங்க” என்றார் ஒய்.பி. மண்டபத்தில் பாதிக்கு மேல் கைகள் எழுந்தன. பெரியவர் தூக்கவில்லை (வீம்பு!). ஆனால் வேண்டாம் என்பவர்களைக் கேட்டபோதும் தூக்கவில்லை.

மசோதா இன்னும் வரிசையில்தான் நிற்கிறது. ஒய்.பி.யும் விடாமல் அதன் பின்னால் நிற்கிறார். அப்படிப்பட்டவரிடம் வேலை பார்க்கிறேன் என்று நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

வீட்டில்தான் நிமிர விடமாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் என் கல்யாணத்தன்று, அம்மா என் கையைப் பிடித்து மேளக்காரர்களிடம் இழுத்துப் போனார்.

“தம்பிங்களா, இதான் மாப்பிள்ளை. மூஞ்ச நல்லா பாத்து வெச்சுக்குங்க. பெரிய கார்ல வேற யாராச்சும் வந்து எறங்கினா மாலையப் போட்டுறாதீங்க!”