தேசிக்காய் அண்ணைக்கு நான் விற்ற வாகனம்

விபத்தில் அடிபட்ட ஒரு வாகனத்தை, அடிபடாதது என்று பொய் சொல்லி, தேசிக்காய் அண்ணையின் தலையில் கட்டினேன். தெரிந்தே செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதிவிட்டு இதை மறைத்தால் அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

லண்டனில், எங்கள் கிங்ஸ்பரியில் ஓடுகிற தமிழர் வாகனங்களில் பாதி எஞ்சினில் ஓடுகின்றன. மீதி தேசிக்காய் அண்ணையின் தயவில் ஓடுகின்றன. எலுமிச்சம்பழத்தைத்தான் நாங்கள் தேசிக்காய் என்போம். புது வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுகளின் கீழே நான்கு தேசிக்காய் வைத்து நசுக்குவது எங்கள் வழக்கம். ஐயர் மந்திரம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அண்ணை போகமாட்டார். தார் ரோட்டில் குந்தியிருந்து, சாறு எந்தப் பக்கம் தெறித்திருக்கிறது என்று பார்த்துப் பலன் சொல்லுவார். வயதில் எனக்கு இளையவர். ஆனாலும் எல்லாருக்கும் அண்ணை.

ஒருமுறை தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் புது எலக்ட்ரிக் கார் கொண்டுவந்தார். ஒரு தேசிக்காய் நசுங்காமல் உருண்டு பக்கத்து வேனுக்கடியில் போய்விட்டது. அண்ணை வேட்டியோடு படுத்துத் தவழ்ந்து அதை எடுத்துவந்தார்.

"டாக்டர், வாகனத்துக்கு உங்களோட கோவம். ஒரு சத்தமும் போடுதில்லை, பாத்தனீங்களோ?"

"ஆமா அண்ணே, எலக்ட்ரிக் கார் அப்படித்தான் இருக்கும்."

அண்ணை அசரவில்லை. கோபம் தணியும்வரை டாக்டர் காரை முன்னும் பின்னும் ஓட்டவேண்டியிருந்தது.

அவருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. பஸ் தரிப்பில் தமிழ் முகம் ஒன்றைக் கண்டால் ஏற்றாமல் போகமாட்டார். கணவனுக்காகக் காத்துநின்ற ஒரு பெண்ணை, மறுக்க மறுக்க ஏற்றிக் கோயிலில் இறக்கிவிட்டார். கணவன் பதறிப்போய் பொலிசுக்கு போன் போட்டு முடிப்பதற்குள் அந்தப் பெண் அர்ச்சனை செய்துவிட்டுச் சுண்டலோடு திரும்பி வந்துவிட்டாள்.

இனி என் கதை. நான் ஊரில் கணித ஆசிரியராக இருந்தவன். ஜப்பானிலிருந்து நேரே இறக்கியது என்று விளம்பரம் பார்த்து ஒரு வேன் வாங்கினேன். கண்ணாடிபோல் மினுங்கியது. இங்குள்ள பதிவுகளில் தேடினால் விபத்து ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? அது அடிபட்டது கடலுக்கு அப்பால். லண்டன் துறைமுகத்தில் இறங்கிய நாள்தான் அதன் பிறந்தநாள். வோல்தம்ஸ்டோவில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. முன்பக்கம் முழுவதும் ஒட்டுவேலை. எயார்பேக் இருக்கவேண்டிய இடத்தில் மூடி மட்டும் இருந்தது. உள்ளே வெறும் குழி.

காசு போனதைவிட, கணக்கு மாஸ்டர் ஏமாந்துபோனார் என்று ஊர் சொல்லுமே, அதுதான் என்னை அரித்தது. அந்த வாரம் பார்த்து அண்ணை வந்து வேனை விலைக்குக் கேட்டார்.

"மாஸ்டர், இது அடிபட்டதோ? உங்கட வாயால சொல்லுங்கோ. நான் வேற ஆரிட்டயும் காட்டமாட்டன்."

"இல்லை," என்றேன்.

கோயிலில் நான்கு தேசிக்காயும் ஒரே நேரத்தில் பட்டென்று வெடித்தன. இப்படியொரு பலனைத் தான் கண்டதேயில்லை என்று அண்ணை எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. அந்த வேனில் அவர் கிங்ஸ்பரியையே ஏற்றி இறக்கினார். திரும்பத் தந்துவிடும்படி இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். வேனின் ராசியைப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒருநாள் என் மனைவி கடைப்பைகளோடு அதிலிருந்தே இறங்கினாள். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து தன் வேனில்தான் கூட்டிவருவேன் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். அன்று காலையில் அவர் வீட்டுக்கு ஓடினேன். வேனுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பின்சீட்டில் குழந்தை இருக்கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பிள்ளையை இதில ஏத்த வேண்டாம்."

"ஏன் மாஸ்டர், ராகுகாலமோ?"

"இது அடிபட்ட வேன். முன்னுக்கு எயார்பேக் ஒண்டும் இல்லை. விக்கேக்கையே எனக்குத் தெரியும்."

அவர் வேனை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு வாசற்படியில் குந்திவிட்டார்.

"அப்ப தேசிக்காய் ஏன் அப்பிடி வெடிச்சது?" என்று தன்னைத்தானே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போன மாசம் உங்கட மனுசியையும் இதிலதானே ஏத்திவந்தனான். அப்பவும் தெரியுமோ?"

"ஓம்."

"போங்கோ, மாஸ்டர்," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

குழந்தை வாடகைக்குப் பிடித்த மினிகாப்பில் வீட்டுக்கு வந்தது. சாரதி தேசிக்காய் வைக்க விடவில்லையாம்.

நான் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய இரும்புக்காரனிடம் வேனை நானே கொண்டுபோனேன். வேறொருவன் அதற்குப் பூச்சுப் பூசி இன்னொருவருக்கு விற்றுவிடக்கூடாது என்று, நசுக்கித் தகடாக்கும்வரை பக்கத்தில் நின்றேன். அண்ணை பேசவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் திரும்பி நின்று நவக்கிரகத்தைப் பார்ப்பார். மாதக்கணக்காகப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் இளம் கணவனும் மனைவியும் என் வீட்டு மணியை அடித்தார்கள். வெளியே, வாங்கலாமா என்று அவர்கள் யோசிக்கும் ஒரு ஜப்பான் கார் நின்றது.

"தேசிக்காய் அண்ணை அனுப்பினவர்," என்று அந்தப் பெண் தயங்கிச் சொன்னாள். "மாஸ்டர் ஏமாந்தும் இருக்கிறார், ஏமாத்தியும் இருக்கிறார், ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள், முதல் அவரிட்ட காட்டுங்கோ எண்டவர்."

உள்ளே என் மனைவி சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

இப்போது ஞாயிறுதோறும் கோயில் கார் தரிப்பிடத்தில் எனக்கு வேலை. எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்து, கழற்றிப் பூட்டியதில் ஆணிகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வெள்ளத்தில் மூழ்கிய கறை தேடுவேன். சந்தேகமென்றால் மெக்கானிக்கிடம் அனுப்புவேன். நான் தலையாட்டிய பிறகுதான் தேசிக்காய். அண்ணை இன்னும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. மழை பெய்தால் மட்டும் பக்கத்தில் வந்து நிற்பார். தான் நனைந்துகொண்டு, குடையை என் பக்கமாகவே சாய்த்துப் பிடிப்பார்.