சோதனையார் வாங்கிய லென்ஸ்

"மறுபடியும் கோடு," என்றார் சோதனையார்.

கேமராவின் சின்னத் திரையை மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தது ஹாலின் வெள்ளைச் சுவரை. படத்திலோ குறுக்கே மங்கலான வரிகள், நோட்டுப் புத்தகத்தில் இருப்பது போல.

சோதனையார் என்பது மனைவி வைத்த பெயர். அவருக்குத் திருகாணித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. ஒரு திருகாணிக்கு மரை சரியில்லை என்றாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். குடை வாங்கினால் ஷவருக்கு அடியில் விரித்து நின்று பார்ப்பார். இரண்டு வருடம் முன்பு ஹாலுக்கு வெள்ளையடிக்க ஆள் வைக்கவில்லை. யாரும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள் என்று லீவு போட்டுத் தானே ரோலரைப் பிடித்தார். அந்த ஐந்து நாளும் குடும்பம் சமையலறையில் தூங்கியது.

இப்போது லென்ஸ். குறை இருந்தால் ஏழு நாளைக்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏழாவது நாள் இன்று. கடை ஆறு மணிக்கு மூடிவிடும்.

நாளைக்கு மகளின் பள்ளி நாடகம். மேடையில் வெளிச்சம் குறைவு, ஃப்ளாஷ் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போன வருடம் பழைய லென்ஸில் எடுத்த படத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்று மகளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த வருடம் அவள் மேகம். இரண்டு வரி வசனம் வேறு. "இந்தத் தடவையாவது என் மூஞ்சி தெரியுமாப்பா?" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் தெரியும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஐஎஸ்ஓவை ஏத்தினாத்தான் கோடு விழுது," என்றார் மனைவியிடம்.

"அப்போ ஏன் ஏத்தறீங்க?"

"இருட்டுல எடுக்கணும்னா கேமராவோட உணர்திறனைக் கூட்டித்தானே ஆகணும். லென்ஸுக்குள்ள ஒரு குட்டி மோட்டார் இருக்கு. அது சரியில்லேன்னா அந்த நேரம் பார்த்துப் படத்துல வரி விழுமாம்."

"அவ வரிக்குதிரையா நடிச்சிருந்தா கவலையே இல்ல."

சோஃபாவில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த மாமனார் லேசாக இருமினார். பத்து நாள் தங்கிப்போக வந்தவர். மாப்பிள்ளை வீட்டில் அதிகம் வாய் திறப்பதில்லை. எதையாவது சொன்னால் அதையும் சோதித்துப் பார்த்துவிடுவார் என்ற பயமாக இருக்கலாம்.

சோதனையார் கடையின் லென்ஸ் மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்.

"லைட் போட்டா எடுத்தீங்க சார்? சில லைட் கண்ணுக்குத் தெரியாம விட்டுவிட்டு எரியும், அதுல கோடு விழும். எல்லாத்தையும் அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க."

விளக்குகளை அணைத்துவிட்டு, சுவரை ஒட்டியிருந்த ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையில் கை வைத்தார். சமையலறையிலிருந்து மனைவி பாய்ந்து வந்தாள்.

"ஏங்க, அதைத் திறக்காதீங்க. வெயில் பட்டா சோஃபா வெளிறிடும்."

"அஞ்சு நிமிஷத்துல என்ன வெளிறப் போகுது?"

திறந்தார். எடுத்தார். குறுக்கு வரிகள் மாயமாக மறைந்திருந்தன. அவற்றுக்குப் பதில் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக வரிகள் வந்திருந்தன.

"படுத்திருந்த கோடு எழுந்து நின்னுடுச்சு," என்றார் கலவரத்துடன்.

மறுபடி போன். "பக்கத்துல ஃப்ரிட்ஜ் மாதிரி ஏதாவது ஓடுதா சார்? அதோட இடைஞ்சலா இருக்கும்," என்றான் மெக்கானிக்.

ஃப்ரிட்ஜை மட்டும் நிறுத்துவது சோதனையாருக்கு அரைகுறை வேலையாகப் பட்டது. மெயின் சுவிட்சையே இறக்கினார். மின்விசிறி நின்றது. சற்று நேரத்தில் ஐஸ்கிரீம் இளக ஆரம்பிக்கவே, மனைவி ஒரு பெரிய கிண்ணத்தைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். மாமனார் நாளிதழை மடித்து வைத்தார்.

வெயில் சாயச் சாயப் பட்டைகள் இன்னும் தெளிவாகிக்கொண்டே போயின. சமாதானம் செய்ய வழி தெரியாமல் மனைவி இரண்டு தடவை ஜன்னல் திரையை மூடப் பார்த்தாள். இரண்டு தடவையும் அவர் திறந்துவிட்டார்.

கடைசியில் மகளை மேக வேஷத்தோடு சுவரோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அவள் ஓடிவந்து பார்த்தாள்.

"என் மூஞ்சில கோடே இல்லப்பா. பின்னாடிதான் இருக்கு."

"உன் மூஞ்சிலயும் இருக்கும்மா, உனக்குத் தெரியல," என்றார் தரப் பரிசோதகர்.

நாலரை மணிக்குக் கதவு தடதடத்தது. மூன்றாவது போனுக்குப் பிறகு நேரிலேயே பார்த்துவிட வந்த மெக்கானிக்தான்.

"கால் மணி நேரமா பெல் அடிக்கிறேன் சார்."

"மெயினை இறக்கியிருக்கு. உள்ள வாங்க."

மெக்கானிக் தன் சொந்தக் கேமராவையும் சொந்த லென்ஸையும் கொண்டுவந்திருந்தான். அதே இடத்தில் நின்று அதே சுவரை எடுத்தான். கேமராவின் திரையைப் பார்த்தவன் முகம் வெளிறியது. சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான்.

"காலைல கூட நல்லா இருந்துச்சே சார்," என்றான். "பட்டை பட்டையா வருது."

"ஒட்டிக்கிச்சா?" என்றார் சோதனையார்.

அப்படியெல்லாம் ஒட்டாது என்று சொல்ல வாயெடுத்தவன், எதற்கு வம்பு என்று தன் கேமராவைப் பைக்குள் போட்டு இழுத்து மூடினான். "லென்ஸைக் கொடுத்துடுங்க சார். நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

சோதனையார் லென்ஸைக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். ஆசையாக வாங்கியது. மூடியைப் போட்டுப் பெட்டியில் வைத்தார்.

"அப்போ நாளைக்குப் பழைய லென்ஸாப்பா?" என்று கேட்டாள் மகள். பதிலுக்குக் காத்திருக்காமல், மேகத்தின் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்க்கத் தொடங்கினாள்.

மனைவி கணவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தபடி, "அப்பா, நீங்களே சொல்லிடுங்க," என்றாள்.

மாமனார் காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லென்ஸை வெச்சுக்கங்க மாப்பிள்ளை. அந்த ஜன்னல் வெளிச்சம் பட்டா நீங்க ரோலர் ஓட்டின கோடெல்லாம் சுவர்ல தெரியும், அதைப் பார்த்தா மறுபடியும் முதல்லேர்ந்து அடிக்க ஆரம்பிச்சுடுவீங்கன்னுதான் என் பொண்ணு ரெண்டு வருஷமா அந்தத் திரையைத் திறக்கவே விடல."