டப்பட் அண்ணன் மிதித்த மிதி

இலங்கையின் ஊவா மாகாணத்திலேயே ஒரு வண்டியை ஆக மெதுவாக ஓட்டத் தெரிந்தவர் டப்பட் அண்ணன்தான். பெரகல இறக்கத்தில் சவப்பெட்டி ஏற்றி வந்த வேன்கூட ஹாரன் அடித்து அவரை முந்திப் போயிருக்கிறது.

ஹாலிஎலயில் எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி அவருடைய கராஜ். பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் மட்டும்தான் கை வைப்பார். அதிலும் இன்ஜின் தலைக்குள் வால்வுகளைத் தட்டித் திறக்கிற ராக்கர், அதைத் தூக்கிவிடுகிற கம்பி, இவைதான் அவர் உலகம். அந்த வேலைக்கு மெக்கானிக்குகள் சொல்கிற 'டப்பட்' அவர் பெயராகவே ஒட்டிக்கொண்டது; சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள் எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும். ஒருநாள் எங்கள் வீட்டுக்குப் பிளேன்டீ குடிக்க வந்தவர், கதவுக்கும் நிலைக்கும் நடுவே தகட்டை விட்டுப் பார்த்தார். "பன்னெண்டாம் நம்பர் தகடு உள்ள போகுது தம்பி. கூடுதல். பனி உள்ள வரும்" என்றார். டீ ஆறிப்போனது. கதவைக் கழற்றிச் சரிபண்ணிவிட்டுத்தான் குடித்தார்.

எல்ல என்ற ஊரில் விடுதி வைத்திருக்கும் ஓர் ஐயாவின் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் அவரிடம் எட்டு மாதம் கிடந்தது. ராக்கர் எல்லாம் தேய்ந்து, தையல் மெஷின் மாதிரி சத்தம். புதுச் சாமான் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். பார்சல் வந்த அன்றைக்கு, அதை மேசையில் 'டொக்'கென்று வைத்த தபால்காரரிடம் ஒரு வாரம் பேசவில்லை. எட்டு ராக்கரையும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்தார். ஒரு வழியாக மாட்டி முடித்ததும் ஐயாவுக்குப் போன் போட்டார். "ஐயா, மொத ஐந்நூறு மைலுக்கு முப்பதுக்கு மேல போகக்கூடாது. போனீங்கன்னா இனிமே இங்க வராதீங்க."

அந்த ஐந்நூறு மைலில் ஒரு மைல்கூட ஓடியிருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகத் தெருவில் ஒரு திரீவீலர் இல்லை. கராஜுக்கு ஓடினேன். அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் பச்சைக் கார். டெஸ்ட் ஓட்டத்துக்கென்று ஊற்றிய ஐந்து லீட்டர் பெட்ரோல் அதில் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். காரைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த என் மனைவியைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார்.

"ஏத்துங்க தம்பி."

அந்தக் காரில் இரண்டே சீட். பின்னால், ஒரு கூடை வைக்கிற இடத்தில், ஆஸ்பத்திரிப் பையோடு நான் மடங்கிக் கிடந்தேன். முதல் அரை மைல் மாட்டு வண்டி வேகம்.

"அண்ணே, கொஞ்சம் வெரசா போங்க."

"புது ராக்கர் தம்பி. எண்ணெ மேல ஏறணும்."

அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. என் மனைவி அவர் தோளைப் பிடித்தாள். சத்தம் போடவில்லை, பிடித்தாள், அவ்வளவுதான். அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார்.

"தங்கச்சி, கெட்டியா புடிச்சிக்க."

அதுவரை அவளை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டதே இல்லை. அடுத்த நிமிஷம் நாங்கள் இரண்டு பஸ்ஸையும் ஒரு தேயிலைக் கொழுந்து லொறியையும் முந்தியிருந்தோம். அந்த இன்ஜின் போட்ட கூச்சல் பதுளை முழுக்கக் கேட்டிருக்கும். டவுனுக்கு முந்தின வளைவில் உள்ளே ஏதோ 'டக்'கென்று உடைந்தது. கண்ணாடியில் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஆனால் மிதித்த காலை எடுக்கவில்லை. குலுங்கிக் குலுங்கி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம்.

அரை மணி நேரத்தில் மகள் பிறந்தாள்.

வெளியே வந்தபோது காருக்குப் பக்கத்தில் சிமெந்துத் திண்ணையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பானட்டைத் திறந்தே பார்க்கவில்லை.

"அண்ணே, வண்டி..."

"அது கெடக்கட்டும். புள்ள எப்பிடி?"

சொன்னேன். அதற்குப் பிறகுதான் எல்ல ஐயாவுக்குப் போன் போட்டார். "ஐயா, ஒரு ராக்கர் ஒடைஞ்சிருச்சி. கம்பியும் வளைஞ்சிருக்கும். நான்தான் ஓட்டினேன். தெரிஞ்சேதான் மிதிச்சேன்." காரணத்தையும் சொன்னார். பிறகு ஐயா கேட்டாராம்: "ஆணா, பொண்ணா?" சாமான் வர இன்னொரு நாலு மாதம் இரண்டு பேருமாகக் காத்திருந்தார்கள்.

போன தை மாதம் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். என் மனைவி ஒற்றைப் பிள்ளை. அவளுடைய பெரியப்பா மகன் புதுச் சட்டையோடு தயாராக முன்னால் வந்தார். அவள் கூட்டத்தைத் தாண்டிப் பார்த்தாள். செருப்புகள் கழற்றிப் போட்ட இடத்தில் டப்பட் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கண்ணன் அங்க நிக்கிறாரு. வரச் சொல்லுங்க."

சுத்தமான கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊசி ஏறியபோது மகள் ஒரு தரம் வீறிட்டுவிட்டு லட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அண்ணன் பந்தி முடியும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேட்டவர்களிடமெல்லாம் ரசம் காரம் என்றார். அன்றைக்கு நாங்கள் ரசமே வைக்கவில்லை.