வெளிவெளிச்சத்தில் தாரணி

கேமராவுக்குள் ஒரே இருட்டாக இருந்தது.

சுயம்புலிங்கம் அதைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெசன்ட் நகர் கடற்கரையில் மணி பன்னிரண்டே கால். தண்ணீருக்குப் பத்தடி முன்னால் பட்டுச்சேலை கட்டி நின்றிருந்த தாரணி, மணல் சுடச்சுட நடந்து வந்து, லென்ஸின் மூடியைக் கழற்றி அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, திரும்பிப் போய் நின்றாள்.

"அது எனக்குத் தெரியும்," என்றார் சுயம்புலிங்கம். "தூசி போயிரக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

தியாகராய நகரில் அவருக்குத் துணிக்கடை. நாற்பது வருஷமாகப் பட்டின் நிறம் பார்த்த கண் என்று அவருக்கு அந்தக் கண்மேல் பெருமை. போன தீபாவளிக்குக் கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்தவன், "ஓனர் சார் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொன்னதில் கோபம் வந்து, அவனை அனுப்பிவிட்டு அவனிடம் இருந்ததைவிடப் பெரிய கேமரா ஒன்றை வாங்கினார். அதற்கப்புறம் அது பெட்டியை விட்டு வெளியே வந்தது இன்றைக்குத்தான்.

காரணம், தூத்துக்குடியிலிருந்து வந்த சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டில் மூன்று நகைக்கடை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஸ்டூடியோ படம் என்றாலே ஆகாது. 'முகத்துல மாவை அப்பி எடுக்காங்க. வெளிவெளிச்சத்துல எடுத்த படம் வேணும். சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள வரணும். மூணு பொண்ணு பாத்து வச்சிருக்கோம், ஞாயித்துக்கிழமை ஒண்ணை முடிவு பண்ணிருவோம்' என்று தரகர் கதிரேசனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: பெண் படிப்பு, பரீட்சை, வேலை என்று எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது, வீட்டில் மகாராணியாக இருந்தால் போதும்.

மகாராணிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் குரூப் ஒன் மெயின் பரீட்சை.

"அப்பா, இந்த சம்பந்தத்தைப் பத்தி ஒரு நிமிஷம்..." என்று தண்ணீரோரத்திலிருந்து தாரணி ஆரம்பித்தாள்.

"வாயை மூடிச் சிரிம்மா. பேசினா படம் ஆடும்."

குடை பிடித்து நின்றிருந்த புஷ்பம் கணவரைப் பார்த்தாள். "ஏங்க, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எதை?"

"இந்த மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கான்னு."

"மூணு நகைக்கடை இருக்கு. அதுல பிடிக்காம போக என்ன இருக்கு? நீ குடையைத் தள்ளிப் பிடி, நிழல் விழுது."

உச்சிவெயிலில் எடுக்கலாம் என்பது காலையில் புஷ்பம் சொன்னது. "எனக்கு என்னத்தைத் தெரியும்? வெளிச்சம் எக்கச்சக்கமா இருந்தா படம் பளிச்சுன்னு விழும்னு நினைச்சேன்" என்று தோசை வார்த்தபடி சொன்னாள். "கேமராவுல எந்தப் பக்கம் முன்பக்கம்னு தெரியாது, யோசனை சொல்ல வந்துட்டா" என்று சுயம்புலிங்கம் அவளை அடக்கினார். மூன்றாவது தோசையில், வெளிச்சம் எக்கச்சக்கமாக இருந்தால் படம் பளிச்சென்று விழும் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

நாற்பது படம் எடுத்தார். அதில் நல்லது என்று பட்ட ஒன்றை, கேமராவின் திரையில் வைத்து, செல்போனால் அந்தத் திரையைப் படம் எடுத்து, கதிரேசனுக்கு அனுப்பினார்.

அரை மணியில் கதிரேசன் கூப்பிட்டார். "அண்ணாச்சி, பாப்பாவுக்குக் கண்ணு..."

"கண்ணுக்கு என்ன?"

"இருக்கா அண்ணாச்சி?"

சுயம்புலிங்கம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தலைக்கு நேர்மேலே இருந்த சூரியன் தாரணியின் கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகளை வைத்திருந்தது. மூக்குக்குக் கீழே ஒரு நிழல் மீசை. இடுங்கிய முகத்தைப் பார்த்தால், யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

"வெயில் மூஞ்சியில அடிச்சதுதான் தப்பு," என்றார் சுயம்புலிங்கம் வீட்டுக்கு வந்ததும், ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் போல.

"அப்ப வெயிலை முதுகுப் பக்கம் வச்சிட்டா?" என்றாள் புஷ்பம். "சாமிக்குப் பின்னால திருவாசி இருக்குமே, அது மாதிரி அம்சமா இருக்கும். நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லுதேன்."

"வாய்க்கு வந்ததைத்தான் சொல்லுத," என்றார் அவர். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூவரும் சாந்தோம் கடற்கரையில் இருந்தார்கள்.

கடலிலிருந்து சூரியன் எழும்பி வந்தது. அதற்கு நேர் முன்னால் தாரணி. சுயம்புலிங்கம் மணலில் ஒரு முழங்காலை ஊன்றி, எழுந்து, மறு முழங்காலை ஊன்றி எடுத்துத் தள்ளினார். படகோரம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, நெழலைப் படம் புடிக்கிறியா?"

"என் மகளைப் பிடிக்கேன்."

"மகளா? எங்க கீது?"

சுயம்புலிங்கம் அவரை முறைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். சூரியன் அற்புதமாக விழுந்திருந்தது. அதன் நடுவே தார் ஊற்றியது போல ஓர் உருவம். கதிரேசனின் பதில் வீட்டுக்குப் போகும் வழியிலேயே வந்துவிட்டது.

"சேலை கட்டியிருக்கது தெரியுது அண்ணாச்சி. கட்டியிருக்கது யாருன்னுதான் தெரியலை. அவிய வீட்டுல ரெண்டு பொண்ணு படம் வந்தாச்சு. நீங்க சீக்கிரம் பாருங்க."

சுயம்புலிங்கத்துக்கு மதியம் கடையில் உட்கார முடியவில்லை. வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் மாம்பழ மஞ்சளைக் காட்டி இலைப்பச்சை என்றார். நாற்பது வருஷத்தில் நடக்காதது.

நான்கு மணிக்கு மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா. நிழல். இது அவருடைய சொந்த யோசனை. உண்மையிலேயே நல்ல யோசனை. மரநிழலில் தாரணியின் முகம் மெத்தென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல் துலங்கியது. அவருக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளையைச் சரியாகப் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. தாரணியும் அதைக் கவனித்தாள்.

"அப்பா, எனக்கு உங்ககிட்ட..."

"அப்படியே இரு! அசையாத!"

"ஏங்க," என்றாள் புஷ்பம் அவசரமாக, "பிள்ளை ஓரமா நிக்குத மாதிரி இல்ல? அந்தா ஒரு விளக்குக் கம்பம் இருக்கு பாருங்க, அதுக்கு நேரா நிறுத்தினா கச்சிதமா நடுவுல வரும்."

நடுவில் வர வேண்டும் என்பது சுயம்புலிங்கத்துக்கு நியாயமாகப் பட்டது. கடையில் பொம்மையை எப்போதும் நடுவில்தான் நிறுத்துவார்.

இந்தமுறை நேரமில்லாததால் கதிரேசன் படத்தைச் சரியாகப் பார்க்காமலே தூத்துக்குடிக்குத் தள்ளிவிட்டார். அதற்கப்புறம்தான் பார்த்தார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"அண்ணாச்சி, மாப்பிள்ளையோட அம்மா கேக்காங்க. பாப்பா உச்சந்தலையில என்ன கம்பி மாதிரி ஒண்ணு? மேல பல்பு வேற இருக்காம். கோவில்ல ஏதும் வேண்டுதலான்னு கேக்காங்க."

"அது பூங்கா விளக்குய்யா!"

"நான் சொன்னேன். அவிய நம்பலை. நாளைக்கு ஆறு மணி, அதுதான் கடைசி. முகம் தெரியணும், தலையில ஒண்ணும் முளைச்சிருக்கக் கூடாது."

தாரணி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சுயம்புலிங்கம் நினைத்தார். புஷ்பம் அவளுக்கு அவசரமாக ரசம் ஊற்றினாள்.

சனிக்கிழமை மாலை நாலரைக்குக் கிளம்பினார்கள். கோட்டூர்புரம் நூலகத்தின் முன்னால் எடுப்பது என்று முடிவு. தாரணி தினமும் படிக்கப் போகிற இடம். படித்த பெண் என்பது படத்திலேயே தெரியட்டும் என்று புஷ்பம் சொல்லியிருந்தாள்.

"கேமரா மூணு நாளா வெயில்ல கிடந்து கொதிச்சுப் போயிருக்கு, பாவம்," என்றாள் காரில் ஏறியதும். "ஏசி காத்துல காட்டுங்களேன்."

சனிக்கிழமை நெரிசலில் தி.நகரைத் தாண்டவே முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் சுயம்புலிங்கம் கேமராவைக் காய்ச்சல்காரக் குழந்தை போல மடியில் வைத்து, முகத்தை ஏசிக்கு நேராகக் காட்டிக்கொண்டே வந்தார். கோட்டூர்புரத்தில் இறங்கினார். ஆற்றோரப் புழுக்கம் முகத்தில் அடித்தது. கேமராவை உயர்த்தினார்.

வெள்ளையாக இருந்தது.

"மூடியைக் கழட்டியாச்சே!" என்று கத்தினார்.

சில்லிட்ட லென்ஸ் முழுக்க ஆவி படர்ந்திருந்தது. எடுத்த முதல் படத்தில் தாரணி கொடைக்கானலில் நின்றாள். வேட்டி நுனியால் துடைத்தார். ஆவி போய்த் தீற்றல் வந்தது. தீற்றலைத் துடைத்தார், மறுபடி ஆவி வந்தது. மணி ஐந்து நாற்பது.

"அப்பா, விட்டுடலாமா?" என்றாள் தாரணி. குரலில் உண்மையான பரிதாபம் இருந்தது.

"விடுறதா? உன் வாழ்க்கைம்மா இது!"

"அதைத்தான்பா மூணு நாளா நானும் சொல்ல வர்றேன்."

அவர் காதில் விழவில்லை. லென்ஸ் தெளிந்துகொண்டிருந்தது. ஐந்து ஐம்பதுக்கு முற்றிலும் தெளிந்தது. மாலை வெளிச்சம் பொன்னாக இறங்கியது. கம்பம் இல்லை, மரம் இல்லை. தாரணி நிமிர்ந்து நின்றாள்.

"நூலகம் தெளிவா விழணுங்க," என்றாள் புஷ்பம் பக்கத்திலிருந்து மெதுவாக. "தாரணி எங்க போயிரப் போறா? அவ கிட்டத்துலதானே நிக்கா. கட்டடம்தான் தூரத்துல இருக்கு. அதைப் பாத்து எடுங்க."

அவர் அதைப் பார்த்து எடுத்தார். ஒன்றே ஒன்று. திரையைச் செல்போனால் எடுத்து ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிவிட்டு, காரின் முன்பக்கத்தில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

ஞாயிறு காலை கதிரேசன் நேரிலேயே வந்தார். உட்காரவில்லை.

"அவிய விருதுநகர்ப் பொண்ணை முடிவு பண்ணிட்டாங்க அண்ணாச்சி."

"நம்ம படம்?"

"வந்தது. கட்டடம் அருமையா இருக்குன்னு சொன்னாங்க. வாசல்ல நிக்குத வாட்ச்மேன் கூடத் தெளிவா இருக்காரு, சட்டைப் பொத்தானை எண்ணிரலாம். லட்சணமான மனுஷன்னு மாப்பிள்ளையோட அம்மாவே சொல்லுதாங்க. முன்னால ஏதோ ஒண்ணு கலங்கலா தெரியுதே, அது பொண்ணா, திரைச்சீலையான்னுதான் சண்டையாம்."

சுயம்புலிங்கம் கேமராவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். புஷ்பம் காபி கொண்டுவந்து வைத்தாள். "விடுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. கேமராதான் சரியில்லை" என்று ஆறுதல் சொன்னாள். தாரணி பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். போகும்போது அப்பாவின் தோளை ஒரு தடவை தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டு எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஆறுதலாக இருந்தது.

ஆனால் நாற்பது வருஷக் கண். தோல்வியை ஒப்புக்கொண்டாலும் விட்டுவிடாது. அடுத்த சம்பந்தம் வருவதற்குள் முறையாகக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தார். கேமரா விற்ற கடைக்காரர், சாந்தோமில் லாரன்ஸ் என்பவர் வகுப்பு எடுக்கிறார், வயதானவர்கள்கூடப் போகிறார்கள் என்றார். 'வயதானவர்கள்' என்ற வார்த்தை பிடிக்காவிட்டாலும் அடுத்த வாரமே வீட்டில் யாருக்கும் சொல்லாமல் போய் நின்றார்.

தேவாலயத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடியறை. லாரன்ஸ் நாற்பது வயதுக்காரர், சிரித்த முகம். கேமராவை வாங்கி, அவர் அழிக்காமல் வைத்திருந்த ஐந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். முதல் படத்தில் புன்னகைத்தார். மூன்றாவதில் உதட்டைக் கடித்தார். ஐந்தாவதில் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"தனியா எடுத்தீங்களா சார்?"

"தனியான்னா, வீட்டுல ஒருத்தி கூட வந்தா," என்றார் சுயம்புலிங்கம் வெறுப்பாக. "கேமராவுல எந்தப் பக்கம் முன்பக்கம்னுகூடத் தெரியாது. பக்கத்துல நின்னுக்கிட்டு அப்படி எடுங்க, இப்படி எடுங்கன்னு ஒரே தொணதொணப்பு. அவளை வச்சுக்கிட்டு யாரால உருப்படியா எடுக்க முடியும்?"

லாரன்ஸ் மறுபடி முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை தள்ளினார். விரலை மடக்கி எண்ணினார். அவர் முகத்தில் சிரிப்பு போய் ஆச்சரியம் வந்தது.

"உச்சிவெயிலு, முதுகுல சூரியன், தலையில கம்பம், ஏசி ஆவி, பின்னால ஃபோகஸ். 'வெளியில படம் எடுக்கும்போது பண்ணக்கூடாத அஞ்சு தப்பு'ன்னு மொத கிளாஸ்ல நான் ஒரு தாள் குடுப்பேன் சார். நீங்க அதே அஞ்சை அதே வரிசையில எடுத்துக்கினு வந்துகீறீங்க."

"தற்செயலா இருக்கும்," என்றார் சுயம்புலிங்கம்.

"அதான் சார் எனக்கும் ஆச்சரியமா கீது. அந்தத் தாளை வரிசை மாறாம ஒப்பிச்சது இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான்; போன பேட்ச்ல ஃபர்ஸ்ட் வந்தாங்களே, தி.நகர் துணிக்கடைக்காரர் வீட்டம்மா, புஷ்பம் மேடம்!"