கிளோட் பார்க்கக் கூடாத துண்டு

செத்தாலும் அது மைத்துனன் கிளோட்டின் கண்ணில் படக்கூடாது. கிளைவ் உறுதியாக இருந்தார்.

மகள் டோறாவின் கல்யாண விருந்தில் பறங்கியரின் கபறிஞ்ஞா நடனம் ஆடும்போது, சம்பந்தியம்மாவின் முன்னாலேயே கிளைவின் காற்சட்டை கழன்று விழுந்துவிட்டது. மட்டக்களப்பு டவுனே சிரித்து ஓய்ந்தாயிற்று. மெல்போர்னில் இருக்கும் கிளோட் மட்டும்தான் பாக்கி. ஆட்டத்தில் பெரியவன் யார் என்று வாலிபத்திலிருந்தே கிளைவோடு மல்லுக்கு நிற்கும் ஆள் அவர்.

"இஞ்சருங்க, கல்யாண வீடியோ பெரிசாம். அண்ணனுக்கு அனுப்பினாப் போகுதில்ல. சின்னதாக்கித் தாங்களன்," என்றாள் மனைவி ஜக்குலின்.

"அதுக்கென்ன, தாறன்!"

கிளைவுக்கு உள்ளூரக் குஷி. சின்னதாக்குகிற சாட்டில் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடலாம். பட்டறையில் லேத் மெஷினையே மேய்த்தவருக்கு மடிக்கணினி எம்மாத்திரம்?

வீடியோவை வெட்டிச் சுருக்க எஃப்எஃப்எம்பெக் என்றொரு இலவசக் கருவி. பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். முதலில் வீடியோவைச் சோதிக்கச் சொன்னார். நீளம், அகலம், கோப்பின் எடை எல்லாவற்றையும் கக்கியது. காற்சட்டை எந்த நிமிடத்தில் விழுந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. தன் மானம் போவதைத் தானே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். கட்டளையில் ஒரு சின்னக் கோடு விடுபட்டாலும் கருவி பிழை என்று சீறியது.

"ஆரோட சண்டை?" என்றாள் ஜக்குலின்.

"இதோடதான். ஒரு எழுத்துப் பிழைச்சாலும் விடுதில்ல."

"நல்லது. நான் இல்லாத நேரத்துக்கும் ஒரு ஆள் வேணுமே."

கிளைவ் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். வெட்டும் இடம் சரிதானா என்று பார்க்க, காற்சட்டை விழுந்த துண்டை மட்டும் தனியாக எடுத்துச் சுருக்கினார். எடையே இல்லை, படமோ கண்ணாடி மாதிரித் தெளிவு. தன் திறமையைக் கண்டு அவருக்கே புல்லரித்தது. பிறகு, அந்தத் துண்டு இல்லாமல் முழு வீடியோவையும் சுருக்கக் கட்டளை கொடுத்துவிட்டு, வெற்றி வீரராகக் குசினிக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

திரும்பி வந்தால் மடிக்கணினிக்கு முன்னால் ஜக்குலின். கையில் போன். போனுக்குள் கிளோட், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெரிசு இன்னும் முடியல்லியே! என்னத்தடி அனுப்பின?" என்றார் கிளைவ்.

"பெரிசு ஆருக்கு வேணும்? அண்ணன் கல்யாணத்தண்டிலயிருந்து கேக்குறது அந்தத் துண்டைத்தான்."

"அப்ப அதை என்னட்ட நேராக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டா வெட்டித் தந்திருப்பீங்களா?"