சரஸ்வதிக்குப் படைத்த ஹிக்கரிக் கொட்டை

காதலில் விழுந்தவன் கையில் மரங்களைப் பற்றிய புத்தகம் அகப்படக் கூடாது. கத்தி அகப்பட்டாலும் பரவாயில்லை.

பேர்லினில் அப்போது மஞ்சளாகிற மரம் எதன் கீழும் நின்று உருகுவதே என் தொழில். (சம்பளம் தந்த தொழில், உணவகத்தில் கோப்பை கழுவுவது.) அப்படி உருகிய ஒரு பூங்காவில்தான் ‘ஹிக்கரி’ என்று பலகை மாட்டிய மரத்தைக் கண்டேன். அமெரிக்க மரம், வால்நட்டுக்குச் சகோதரம், பருப்பு வெண்ணெயாய் இனிக்கும், இடித்துப் பாலும் எடுக்கலாம், ஓடு மட்டும் சுத்தியலுக்கே சவால் என்றது புத்தகம். ஹிக்கரியில் பல சாதி உண்டு, அதிலொன்றுக்கு ஓடு மெல்லிசு, பருப்பு கடும் கைப்பு என்றும் அடுத்த வரியில் இருந்தது. (கவிஞன் அடுத்த வரிக்குப் போவானா?)

நான் உருகியது சுபாவுக்காக; அவள் வீட்டில் சரஸ்வதி பூசை. அவளுடைய அம்மா என்னை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார். பிடித்தால் கலியாணம், பிடிக்காவிட்டால் மியூனிக்கில் ஒரு கம்ப்யூட்டர் மாப்பிள்ளை தயார். மோதகம் என் பொறுப்பு என்று வாய் கொடுத்தேன். பயறும் தேங்காய்ப்பூவும் எவனும் வைப்பான். நான் ஹிக்கரி வைப்பேன்!

பூங்காவில் பொறுக்கி வந்த கொட்டையைக் கதவிடுக்கில் வைத்து மெல்ல நெரித்ததுமே உடைந்தது. சுத்தியலுக்குச் சவாலாம்! என் புஜபலத்தை நானே வியந்தேன். ருசி பார்க்கவில்லை. படைக்க முதல் வாயில் வைத்தால் எச்சிலாகிவிடுமே.

பூசை முடிந்து ஆளுக்கொரு மோதகம் போனது. முதல் கடியோடு எல்லார் முகமும் வேப்பங்காய் கடித்த முகம். பிரசாதத்தைத் துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது. சுபாவின் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு, கேட்காமலே தேவாரம் பாடத் தொடங்கினார்.

“தம்பி, இது என்ன கொட்டை?” என்றார் அம்மா.

“ஹிக்கரி, மாமி. பால்கூட எடுக்கலாம்.”

“ஆர் குடிக்கிறது?”

சுபா தரையைப் பார்த்தாள். மியூனிக் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மாமி மிச்சத் தட்டை என் முன்னால் நகர்த்தினார். “சாமிப் பொருள், எறிய ஏலாது. நீரே சாப்பிடும்.”

சாப்பிட்டேன். நாக்கு மரக்கட்டையானது. கண்ணீர் வந்தது. (பக்தி என்றேன்.) தட்டு காலியானதும் மாமி மகளைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளையையே கட்டடி. உன்ர சமையலை இவ்வளவு பொறுமையாய்த் தின்ன வேற ஒருத்தனும் வரமாட்டான்.”

கட்டினாள். என் தலையிலும் இப்போது இலையுதிர்காலம். சுபா வைத்த சொதியில் உப்புக் கூடியதென்று நான் வாயெடுக்கும் முன்பே அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வரும்:

“பேசாமல் சாப்பிடும். நீர் அண்டைக்கே சோதினை பாஸ் பண்ணின ஆளெல்லே!”