இணை இயக்குநர் அந்தஸ்தில் ஒரு சர்வர்

தெருவிளக்குக் கம்பங்களுக்கு எண் இடும் துறையின் தலைமை அலுவலகத்தில் இயக்குநரைத் தவிர நாற்பது பணியாளர்கள் இருந்தார்கள். கம்பம் நடுவது வேறு துறை. விளக்கு மாட்டுவது இன்னொரு துறை. விளக்கு எரியாவிட்டால் எந்தத் துறையைக் கேட்பது என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. எண் மட்டும் இந்தத் துறையைச் சேர்ந்தது. அதை அவர்கள் குறைவில்லாமல் செய்துவந்தார்கள்.

இப்படிப்பட்ட துறைக்குக் காலத்தோடு ஒட்டி நடக்கும் கடமையும் உண்டு. இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். அங்கே ஒரு பையும், ஒரு நீர்க்குடுவையும், ‘மெய்நிகர் மேசை’ என்ற சொல்லும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பையும் குடுவையும் வீட்டுக்குப் போயின. சொல் அலுவலகத்துக்கு வந்தது.

அதன் விளைவாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாற்பது கணினிகளும் பழுதானவை என்று எழுதப்பட்டுக் கிடங்குக்குப் போயின. மேசைக்கு ஒரு திரையும் விசைப்பலகையும் மட்டும் மிஞ்சின. இனி எல்லாருடைய கணினியும் சர்வர் என்ற ஒரே மையக் கணினிக்குள் மெய்நிகர் மேசையாக இருக்கும், எந்த ஊரிலிருந்தும் அதைத் திறந்து வேலை பார்க்கலாம் என்றது சுற்றறிக்கை. அப்படி வெளியிலிருந்து திறக்க விரும்புவோர் அதற்கான அனுமதியைச் சர்வர் உள்ள அலுவலகத்துக்குத் தினமும் நேரில் வந்து பெற வேண்டும் என்றது அடுத்த பத்தி.

சர்வரை நிறுவ ஓர் ஒப்பந்தப் பொறியாளர் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை மென்பொருளை ஏற்ற ஆரம்பித்து, மாலைக்குள் முப்பத்தொன்பது பேருக்கு மெய்நிகர் மேசை போட்டுவிட்டார். நாற்பதாவது ஆளான பதிவெழுத்தர் அன்று விடுப்பில் இருந்தாள். அவள் கணவனும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் எட்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில், துறையின் கடலோரக் கிளை இருக்கும் ஊரில் இருந்தார்கள். நான்கு வருடமாக மாறுதல் கேட்கிறாள். இந்த வருடம்தான் அங்கே ஓர் இடம் காலியாகியிருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் அந்த மாதம் முப்பதாம் தேதி, மாலை ஐந்து மணி. விண்ணப்பங்கள் மெய்நிகர் மேசை வழியாக மட்டுமே ஏற்கப்படும்.

கிளம்பும்போது பொறியாளர், சர்வர் சூடாகும், அந்த அறைக்கு ஏசி வேண்டும் என்று சொல்லிவைத்தார். நிர்வாக அலுவலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

“ஏசி இணை இயக்குநருக்கும் அதுக்கு மேலயும்தான். இதுக்கு என்ன பதவி?”

“இது மெஷின் சார்.”

“மெஷின்னு ஒரு பதவி நம்ம துறையில இல்லையே.”

இல்லாத பதவிக்கு ஏசி கொடுத்தால் தணிக்கையில் மாட்டும். இருக்கிற பதவியைச் சர்வருக்குக் கொடுத்தால் மாட்டாது. எனவே ‘நிர்வாக நலன் கருதி’, திங்கட்கிழமை முற்பகல் முதல் சர்வருக்கு இணை இயக்குநர் அந்தஸ்து வழங்கி ஆணை பிறந்தது. ஏசி வந்தது. கூடவே கதவுக்குத் திரைச்சீலை, அழைப்புமணி, பார்வையாளர்கள் உட்கார இரண்டு நாற்காலிகள். அதுவரை ‘அது’வாக இருந்தது ‘அவர்’ ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் பதிவெழுத்தர் பொறியாளரோடு அந்த அறைக்குள் போனாள். அவர் அவளுடைய பெயரைச் சேர்த்தார். ‘அமைப்பு முழுமை பெற மீண்டும் தொடங்கவும்’ என்று திரையில் வந்தது.

“ஒரு ரீஸ்டார்ட். ரெண்டே நிமிஷம்க்கா, உங்க மேசை வந்துடும்” என்று பொறியாளர் விரலை நீட்டினார்.

“யோவ், கையை எடுய்யா!” வாசலில் நிர்வாக அலுவலர் நின்றிருந்தார். “என்ன பண்றே?”

“ஆஃப் பண்ணி ஆன் பண்றேன் சார்.”

“இணை இயக்குநரையா?”

பொறியாளர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். நிர்வாக அலுவலர் உள்ளே வந்தார்.

“ஓர் அதிகாரி வேலை நேரத்துல வேலை செய்யாம இருக்கணும்னா ரெண்டு வழிதான். ஒண்ணு, அவர் லீவு போடணும். இல்ல, அவரை சஸ்பெண்ட் பண்ணணும். நீ ஒப்பந்தத்துல வந்த ஆளு. இணை இயக்குநரை சஸ்பெண்ட் பண்ண உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?”

“சார், அவர் பேர்ல நானே லீவ் லெட்டர் எழுதித் தர்றேன்” என்றாள் பதிவெழுத்தர். “ரெண்டு நிமிஷ லீவு.”

“லீவுல குறைஞ்சது அரை நாள்மா. சரி, யாரு கையெழுத்துப் போடுவா?”

“உடம்பு சரியில்லைன்னு போட்டா?”

“டாக்டர் சர்டிஃபிகேட்?”

அவள் அறையை விட்டு வெளியே வந்தாள்.

பக்கத்து இருக்கை மூத்த எழுத்தரிடம் போய், அவருடைய மேசை வழியாக விண்ணப்பத்தை அனுப்பலாமா என்று கேட்டாள். அவர் பதறிவிட்டார்.

“என் மேசையிலேர்ந்து போனா என் பேர்லதாம்மா போகும். எனக்கு மாறுதல் கிடைச்சுட்டா? அந்த உப்புக் காத்துல எவன் போய் இருப்பான்!”

அவள் வாழ்க்கையில் முதல்முறையாக மின்வெட்டு வர வேண்டிக்கொண்டாள். மின்சாரம் வியாழக்கிழமை போகவும் செய்தது. அந்தஸ்துக்கு உரிய பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கியது; அதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டது.

மிஞ்சியது சஸ்பெண்ட்தான். அதற்கு ஒரு குற்றச்சாட்டு வேண்டும். நிர்வாக அலுவலர் கெட்ட மனிதர் அல்ல. விதிக்குள் இருந்தால் யாருக்கும் உதவுவார். ‘தமக்குக் கீழ் பணிபுரியும் பெண் பணியாளர் ஒருவரை உள்ளே அனுமதிக்காதது ஏன் என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்’ என்று அவரே உட்கார்ந்து மெமோ எழுதினார். இணை இயக்குநர் அதைக் கையில் வாங்காததால், விதிப்படி சாட்சிகள் இருவர் முன்னிலையில் அவர்மீதே ஒட்டினார்கள். முகப்பில் காற்று போகும் துளைகள் இருந்த இடம்தான் ஒட்ட வசதியாக இருந்தது.

பதினைந்து நாட்களில் விளக்கம் வரவில்லை. உள்ளே சூடு ஏறி, காற்றாடிகள் வேகமெடுத்துச் சுற்றின. விசாரணை நாளன்று இயக்குநர் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து குற்றச்சாட்டைப் படித்தார். ‘படித்துக் காட்டியபோது இணை இயக்குநர் உறுமினார். வருத்தம் தெரிவிக்கவில்லை’ என்று நிர்வாக அலுவலர் குறித்துக்கொண்டார்.

“சார், அந்தப் பேப்பரைக் கிழிச்சாப் போதும், சத்தம் நின்னுடும்” என்றார் பொறியாளர்.

“சாட்சி வெச்சு ஒட்டின மெமோவைக் கிழிக்கறதா? சாட்சியத்தை அழிச்ச குத்தம் வேற வரணுமா அவர் மேல?”

இதற்குள் தேதி இருபத்தொன்பது ஆகிவிட்டது. அன்று மாலை தொலைபேசியில் மகள் கேட்டாள்: “அம்மா, நீ வரப்போறியா இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லு.”

“நாளைக்குத் தெரிஞ்சுடும்டா கண்ணு.”

“போன வாரமும் இதேதான் சொன்னே.”

முப்பதாம் தேதி மாலை நான்கு நாற்பதுக்கு விசாரணையின் முடிவு வெளிவந்தது. பதிவெழுத்தர் விண்ணப்பத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு திரைச்சீலைக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே போனால் அடித்து முடிக்க ஐந்து நிமிடம் போதும்.

“நல்ல சேதிம்மா” என்று நிர்வாக அலுவலர் வெளியே வந்தார். “உன் புகார் மேல கடுமையான நடவடிக்கை எடுத்தாச்சு.”

“ரீஸ்டார்ட் பண்ணலாமா சார்?”

“சேச்சே. முதல் தப்புக்கு சஸ்பெண்ட் வரைக்கும் போக விதி இடம் தரல. அவரை மாத்தியாச்சு.”

“மாத்தியாச்சுன்னா?”

“வேற ஊருக்கு. ஒரே ஓர் இடம்தான் காலியா இருந்துச்சு. கடலோரக் கிளை.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நான்கு நாற்பத்திரண்டு. இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. விண்ணப்பிக்க இடம்தான் இல்லை.

மறுநாள் காலை இணை இயக்குநரை லாரியில் ஏற்றினார்கள். மின்கம்பியைப் பிடுங்கியதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அது பயணக் காலம், வேலை நேரம் அல்ல. அவர் போன பிறகுதான் முப்பத்தொன்பது திரைகளும் இருண்டிருப்பதைக் கண்டார்கள். விளக்கம் கேட்டு எழுதியதற்கு மேலிடத்திலிருந்து மூன்றே வரியில் பதில் வந்தது. பணியாளரின் மேசை எங்கே இருக்கிறதோ அதுவே அவருடைய பணியிடம் என்பது விதி. முப்பத்தொன்பது பேரின் மேசைகளும் இணை இயக்குநருக்குள் இருக்கின்றன. ஆகவே அவர்கள் ஏழு நாட்களுக்குள் கடலோரக் கிளையில் சேர வேண்டும்.

“தூரத்துலேர்ந்து திறக்கறதுக்குத்தானே சார் இதை நிறுவினதே!” என்றார் பொறியாளர்.

“அதுக்கு சர்வர் இருக்கற ஆபீசுக்குத் தினமும் நேர்ல போய் அனுமதி வாங்கணுமேய்யா” என்றார் நிர்வாக அலுவலர். சொல்லி முடித்த பிறகுதான் அந்த முப்பத்தொன்பதில் தானும் ஒருவர் என்பது அவருக்கு உறைத்தது. இயக்குநர் தப்பித்துவிட்டார். தேக்கு மேசையே தனக்குப் போதும் என்று மெய்நிகர் மேசையை அவர் தொடக்கத்திலேயே மறுத்திருந்தார். இப்போது வேறொரு மாநாட்டில் இருந்தார்.

ஆணையின் கடைசி வரி பதிவெழுத்தரைப் பற்றியது. இணை இயக்குநர் கிளம்பிய நாளில் அவருக்குள் மேசை இல்லாத ஒரே பணியாளர் என்பதால் அவள் தலைமை அலுவலகத்திலேயே தொடர்வாள். நிர்வாக அலுவலரின் பொறுப்பையும் சேர்த்துக் கவனிப்பாள்.

கணவன் கூப்பிட்டான். “உன் இடத்துக்கு ஆள் வந்து சேர்ந்தாச்சாமே?”

“ஆமாங்க.”

“எப்படி ஆளு?”

“கெட்டவர் இல்லீங்க. காத்து வர விட்டா வேலை செய்வாரு.”

மூன்றாம் நாள் முப்பத்தொன்பது பேரும் அவளுடைய மேசைமுன் வரிசையில் நின்றார்கள், மாறுதலை ரத்து செய்யக் கோரும் மனுக்களோடு. ஒருவருக்குப் பெற்றோர் படுக்கையில். ஒருவர் வீடு கட்டிப் பாதியில் நிற்கிறது. மூத்த எழுத்தருக்கு உப்புக் காற்று. முதலில் நின்றவர் முன்னாள் நிர்வாக அலுவலர். அவர் மகளுக்கு இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு.

அவள் அவருடைய மனுவை முழுவதும் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள். மகளைப் பற்றிய பத்தியில் சற்று நின்றாள்.

“நியாயம்தான் சார். ஆனா கையால எழுதியிருக்கீங்க. மெய்நிகர் மேசை வழியா வந்தாத்தான் நான் வாங்க முடியும்.”

“அம்மா, மேசை அங்க போயிடுச்சேம்மா!”

“அப்போ அங்க போய்ச் சேர்ந்துட்டு, அங்கேர்ந்து அனுப்புங்க.” அவள் மனுவை நான்காக மடித்து, மரியாதையோடு இரண்டு கைகளாலும் நீட்டினாள். “கட்டாயம் பரிசீலிக்கிறேன். அடுத்தவர் வாங்க.”